எட்டு எபிசோட், மூன்று வருடக் காத்திருப்பு, பாதியில் நிற்கும் கதை

‘ஸ்டிரேஞ்சர் திங்ஸ்’ தொடரின் கடைசி எபிசோட் அமெரிக்காவில் 2025 டிசம்பர் 31ஆம் தேதி மாலை வெளியானது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அது புத்தாண்டுக் காலை. 2016 ஜூலையில் தொடங்கிய அந்தத் தொடர் முடிய ஒன்பதரை ஆண்டுகள் ஆயின. இத்தனை ஆண்டுகளில் வந்தவை ஐந்து சீசன்கள், மொத்தம் 42 எபிசோடுகள். முதல் சீசன் வெளிவந்தபோது 12 வயதுச் சிறுமியாக இருந்த மில்லி பாபி பிரவுன், கடைசி சீசன் வருவதற்குள் திருமணமே செய்துகொண்டார்.

1994இல் தொடங்கி 2004இல் முடிந்த ‘ஃபிரண்ட்ஸ்’, ஏறக்குறைய அதே கால அளவில் 236 எபிசோடுகளைத் தந்தது. கொரியாவின் ‘ஸ்குவிட் கேம்’ கணக்கு இன்னும் வேடிக்கை. 2021இல் 9, 2024 கடைசியில் 7, 2025இல் 6. மூன்று சீசனையும் கூட்டினால் 22. அமெரிக்கத் தொலைக்காட்சி ஒரு காலத்தில் ஒரே ஆண்டில் கொடுத்த எண்ணிக்கை அது.

ரசிகர்கள் இன்று போட்டுப் பார்ப்பது இந்தக் கணக்கைத்தான். சீசன் சுருங்கிவிட்டது. அடுத்த சீசனுக்கு இரண்டு, மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டியுள்ளது. காத்திருந்த பிறகும் கதை முடியும் என்ற உறுதி கிடையாது. மூன்று குறைகளும் ஒரே மூச்சில் பேசப்படுகின்றன. ஆனால் மூன்றுக்கும் எடை ஒன்றல்ல.

முதலில் அந்த 22. அதன் பின்னால் இருந்தது விளம்பர வியாபாரம். அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு செப்டம்பர் முதல் மே வரை ஓர் ஆண்டு. அந்த மாதங்களில் வாரம் ஒரு முறை பார்வையாளரை உட்கார வைக்க வேண்டும், இடையில் விளம்பரம் போட வேண்டும். ஒரு தொடர் 100 எபிசோடைத் தொட்டுவிட்டால் உள்ளூர் நிலையங்களுக்கு மறு ஒளிபரப்புக்கு விற்கலாம். தினமும் ஒன்று என்று போட்டாலும் பல மாதங்களுக்கு ஓடும். தயாரிப்பு நிறுவனத்தின் பெரிய லாபம் அங்கேதான் இருந்தது. அதனால் நாலாவது, ஐந்தாவது சீசன் வரை ஒரு தொடரைத் தள்ளிக்கொண்டு போக எல்லாருக்கும் காரணம் இருந்தது.

இந்த ஏற்பாட்டில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. 22 எபிசோடில் துணைப் பாத்திரங்களுக்கும் ஒரு நாள் கிடைக்கும். கதை நகராத வாரத்தில்கூட அந்த மனிதர்களோடு பழக்கம் கூடும். பக்கத்து வீட்டுக்காரரைப் போல அவர்கள் மனத்தில் தங்கியது அதனால்தான். மறுபுறம், இழுவையும் அதிகம். ‘லாஸ்ட்’ தொடரை எடுத்தவர்களே கதை சுற்றிச் சுற்றி வருவதைக் கண்டு, முடிவுத் தேதி வேண்டும் என்று ஏபிசி நிலையத்திடம் கேட்டு வாங்கினார்கள். 2007 மே மாதம் அந்த அறிவிப்பு வந்தது: சீசனுக்கு 16 வீதம் இன்னும் 48 எபிசோடுகள், 2010இல் முடிவு. தொடர் உச்சத்தில் இருக்கும்போதே மூன்றாண்டு முன்கூட்டி முடிவு நாளைச் சொன்னது அப்போது பெரிய செய்தி.

விளம்பரத்தை நம்பாமல் சந்தாவை நம்பிய எச்பிஓ, 1999இல் ‘தி சோப்ரானோஸ்’ தொடரை 13 எபிசோட் சீசன்களாகத் தந்து புதிய வழக்கத்தைப் பரப்பியது. 2013இல் நெட்பிளிக்ஸ் ‘ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’ தொடரின் 13 எபிசோடுகளையும் ஒரே நாளில் வெளியிட்டது. பிறகு 13 என்பது 10 ஆனது, 10 என்பது 8 ஆனது. எண்ணிக்கை குறையக் குறைய ஒவ்வொரு எபிசோடும் சினிமாப் படம் போல நீண்டது, செலவும் ஏறியது. ‘ஸ்டிரேஞ்சர் திங்ஸ்’ நான்காம் சீசனில் எபிசோடுக்கு 30 மில்லியன் அமெரிக்க டாலர் செலவானதாகச் செய்திகள் வந்தன. அந்த அளவு கிராஃபிக்ஸ் வேலை வைத்துக்கொண்டு ஆண்டுக்கு ஒரு சீசன் தருவது நடக்காத காரியம்.

சீசன் சிறியது என்பதற்காக மட்டும் வருத்தப்பட வேண்டியதில்லை. இந்த நாட்டில் தாத்தா முதல் பேரன் வரை எல்லாரும் பார்த்துச் சிரித்த ‘மிஸ்டர் பீன்’ மொத்தமே 15 எபிசோடுகள்தான். நம் வீடுகளில் பெண்கள் விடாமல் பார்க்கும் கொரிய நாடகங்களில் பெரும்பாலானவை 16 எபிசோடோடு முடிந்துவிடும். யாரும் குறையாகச் சொல்வதில்லை. கதாநாயகியும் நாயகனும் சேர்வார்களா, வில்லன் மாட்டுவானா என்ற கேள்விக்குப் பதினாறாவது எபிசோடில் பதில் கிடைக்கும் என்று தொடங்கும்போதே தெரியும்.

குறை எங்கே வருகிறது என்றால், கதையை எட்டு எபிசோடில் எழுதாமல் 24 எபிசோடுக்கு எழுதி, முதல் எட்டை மட்டும் காட்டிவிட்டுக் கடையைச் சாத்தும்போது. ‘1899’ அப்படித்தான். ‘டார்க்’ என்ற ஜெர்மன் தொடரை மூன்று சீசனில் கச்சிதமாக முடித்துக் காட்டிய அதே குழு எடுத்தது. இதற்கும் மூன்று சீசன் திட்டம் வைத்திருந்தார்கள். 2022 நவம்பர் 17இல் வெளியானது. முதல் சீசனின் கடைசிக் காட்சி ஒரு பெரிய கேள்வியைத் திறந்து வைத்தது. 2023 ஜனவரி 2ஆம் தேதி, தொடர் இனி இல்லை என்று அறிவிக்கப்பட்டது. இடையில் ஏழு வாரம்கூட இல்லை. ‘தி ஓஏ’ இரண்டாம் சீசனும் அப்படியொரு திருப்பத்தில் நின்றிருந்தபோது 2019 ஆகஸ்ட்டில் நிறுத்தப்பட்டது. ரசிகை ஒருவர் லாஸ் ஏஞ்சலஸில் நெட்பிளிக்ஸ் கட்டடத்தின் முன் உண்ணாவிரதம் இருந்தார். பெண்கள் மல்யுத்தக் கதையான ‘குளோ’வின் கடைசி சீசனுக்கு ஒப்புதல் கொடுத்து, படப்பிடிப்பும் தொடங்கிய பிறகு, கோவிட் காரணமாக 2020 அக்டோபரில் அதையும் கைவிட்டார்கள்.

நிறுவனங்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. நெட்பிளிக்ஸின் இணைத் தலைமை நிர்வாகி டெட் சராண்டோஸ், வெற்றி பெற்ற எந்தத் தொடரையும் தாங்கள் நிறுத்தியதில்லை என்றும், சிறிய கூட்டத்துக்காகப் பெரிய செலவில் எடுத்தவையே நின்றன என்றும் 2023 தொடக்கத்தில் பேசினார். வியாபாரக் கணக்கு அதுதான். புதிய தொடர் புதிய சந்தாதாரரைக் கொண்டுவரலாம். மூன்றாவது சீசன் ஏற்கனவே இருப்பவரைத் தக்கவைக்க மட்டுமே உதவும். ஆனால் நடிகர்கள், எழுத்தாளர்களின் சம்பளமோ சீசனுக்கு சீசன் ஏறும். மறு ஒளிபரப்பு விற்பனை என்ற பழைய லாபமும் இங்கே இல்லை. 2022இன் முதல் மூன்று மாதங்களில் நெட்பிளிக்ஸ் 200,000 சந்தாதாரர்களை இழந்தது. பத்து ஆண்டுகளுக்கு மேலாகப் பார்க்காத சரிவு. அதன்பின் எல்லாத் தளங்களுமே செலவைப் பிடிக்கத் தொடங்கின.

தொடர்களைப் பாதியில் வெட்டுவதும் புதிதல்ல. ஃபாக்ஸ் நிலையம் 2002இல் ‘ஃபயர்ஃபிளை’ என்ற விண்வெளித் தொடரை வரிசை மாற்றி ஒளிபரப்பி, எடுத்த 14இல் 11ஐ மட்டும் காட்டிவிட்டு நிறுத்தியது. அதை ரசிகர்கள் இன்னும் மன்னிக்கவில்லை.

இந்தக் கணக்கில் நிறுவனங்கள் பார்க்க மறுக்கும் ஒரு வரி இருக்கிறது. கிள்ளானிலோ சுங்கை சிப்புட்டிலோ ஒரு வீட்டை நினைத்துப் பார்க்கலாம். கணவன், மனைவி இருவரும் வேலை முடிந்து வந்து, பிள்ளைகளின் வீட்டுப்பாடம் பார்த்து, சாப்பாடு முடித்து உட்காரும்போது இரவு ஒன்பதரை. அவர்களிடம் மிச்சம் இருப்பது ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தை எட்டு இரவுகள் ஒரு கதைக்குக் கொடுத்து, கொலையாளி யார் என்று தெரியாமலேயே விட்டுவிட்டால், அடுத்த புதிய தொடரை அவர்கள் எப்படித் தொடங்குவார்கள்? “முடியட்டும்லா, பிறகு பாத்துக்கலாம்” என்பதுதான் வீட்டுக்கு வீடு கேட்கும் பதில்.

பிறகு பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் தொடருக்கு எதிரிகள் இல்லை. அதை விரும்பி, பட்டியலில் சேர்த்து வைத்தவர்கள். ஆனால் தளங்கள் எடை போடுவது முதல் சில வாரங்களில் எத்தனை பேர் பார்த்தார்கள், தொடங்கியவர்களில் எத்தனை பேர் கடைசி எபிசோடு வரை வந்தார்கள் என்பதை. காத்திருப்பவர் அந்தக் கணக்கில் பூஜ்ஜியம். ஆக, தொடர் நின்றுவிடுமோ என்ற பயத்தில் பார்வையாளர் காத்திருக்கிறார், அவர் காத்திருப்பதால் எண்ணிக்கை குறைகிறது, எண்ணிக்கை குறைவதால் தொடர் நிற்கிறது. அடுத்த முறை பயம் இன்னும் கூடுகிறது. நிறுத்தப்படும் ஒவ்வொரு தொடரும் இன்னும் எழுதப்படாத வேறொரு தொடரின் பார்வையாளரைக் குறைத்துவிட்டுப் போகிறது. இந்த நஷ்டம் எந்தத் தொடரின் கணக்கிலும் ஏறாது.

இடைவெளி இதை மேலும் கெடுக்கிறது. முதல் சீசன் பார்த்தது 2022இல், இரண்டாவது வருவது 2025இல் என்றால், யார் யாருக்கு உறவு, யார் செத்தார் என்பதே மறந்துவிடும். பழையதைத் திரும்பப் பார்க்க நேரமில்லாதவர் புதியதையும் விட்டுவிடுவார். அவரும் எண்ணிக்கையில் இல்லாமல் போகிறார்.

ரசிகர்கள் சும்மா இருந்ததில்லை. 1968இல் ‘ஸ்டார் டிரெக்’ தொடரை என்பிசி நிறுத்தப்போகிறது என்ற பேச்சு எழுந்தபோது, நிலையத்துக்குக் கடிதங்கள் குவிந்தன. மூன்றாவது சீசன் கிடைத்தது. 1969இல் தொடர் நின்றபோது கையில் 79 எபிசோடுகள் இருந்தன. மறு ஒளிபரப்பில் அவை பெற்ற புகழ்தான் 1979இல் அதைத் திரைப்படமாக்கியது. அந்த மூன்றாவது சீசன் இல்லாமல் மறு ஒளிபரப்புக்குத் தேவையான எண்ணிக்கை சேர்ந்திருக்குமா என்பது சந்தேகம்.

2007இல் சிபிஎஸ் ‘ஜெரிக்கோ’ தொடரை 22 எபிசோடோடு நிறுத்தியபோது நடந்தது இன்னும் சுவாரசியம். கடைசி எபிசோடில் நாயகன் எதிரியிடம் சொல்லும் ஒரு சொல்லுக்கு ஆங்கிலத்தில் கடலை, கொட்டைப் பருப்பு என்ற பொருளும் உண்டு. ரசிகர்கள் நிலைய அலுவலகத்துக்கு நிலக்கடலையாக அனுப்பத் தொடங்கினார்கள். மொத்தம் ஏறத்தாழ 20 டன். சிபிஎஸ் இறங்கி வந்து இன்னும் ஏழு எபிசோடுகளுக்கு ஒப்புக்கொண்டது. தயாரிப்பாளர்கள் இந்த முறை உஷார். தொடர் நீடித்தால் ஒன்று, நின்றால் ஒன்று என்று இரண்டு முடிவுகளைப் படமாக்கி வைத்தார்கள். 2008இல் மறுபடியும் நிறுத்தப்பட்டபோது ரசிகர்களுக்கு ஒரு முடிவாவது கிடைத்தது.

2018இல் ‘தி எக்ஸ்பேன்ஸ்’ தொடரை சைஃபை நிலையம் கைவிட்டபோது, அமேசான் ஸ்டூடியோ மேலே பதாகையோடு விமானம் பறக்கவிட்டார்கள். அமேசான் வாங்கியது. அதே மாதம் ‘புரூக்ளின் நைன் நைன்’ தொடரை ஃபாக்ஸ் நிறுத்தி ஒன்றரை நாள் ஆவதற்குள் என்பிசி எடுத்துக்கொண்டது.

இவை வென்றதற்கு ரசிகர் அன்பைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ‘எக்ஸ்பேன்ஸ்’ தொடரை எடுத்தது வேறு நிறுவனம், சைஃபை அதை ஒளிபரப்ப உரிமை வாங்கியிருந்தது, அவ்வளவுதான். ‘புரூக்ளின் நைன் நைன்’ தொடரைத் தயாரித்ததே என்பிசியின் சகோதர நிறுவனம். ஒரு கடை வேண்டாம் என்றால் சரக்கை அடுத்த கடைக்குக் கொண்டுபோக முடிந்தது. இன்று தளங்கள் தங்கள் பணத்தில், தங்கள் பெயரில், உலக உரிமை முழுவதையும் எடுத்துக்கொண்டு தொடர்களை எடுக்கின்றன. அவர்கள் நிறுத்தினால் வேறு யாரும் எளிதில் தொட முடியாது. 2019இல் நெட்பிளிக்ஸ் கைவிட்ட ‘ஒன் டே அட் எ டைம்’ ஒரு கேபிள் நிலையத்துக்குப் போக முடிந்ததற்கும் காரணம் அதைத் தயாரித்தது சோனி என்பதே.

சொந்தத் தொடரில் நெட்பிளிக்ஸ் இறங்கி வந்த சம்பவம் ஒன்று உண்டு. ‘சென்ஸ்8’ 2017இல் நிறுத்தப்பட்டதும் உலகெங்கும் எழுந்த எதிர்ப்பைப் பார்த்து, 2018 ஜூனில் இரண்டரை மணி நேரச் சிறப்பு எபிசோடாக முடிவைக் கொடுத்தார்கள். ஒரு முழு சீசன் எடுக்கும் செலவில் சிறு பங்குதான் அது. ஆனாலும் அது வழக்கமாகவில்லை. தொடங்கிய கதையை நிறுத்துவதென்றால் ஒரு முடிவு எபிசோடாவது எடுத்துக் கொடுப்பது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்தால், “முடியட்டும்லா” என்பவர்களில் பலர் முதல் வாரத்திலேயே உட்காருவார்கள்.

இதைவிட மோசமான நிலையும் உண்டு. டிஸ்னியின் ‘வில்லோ’ தொடரின் கடைசி எபிசோட் 2023 ஜனவரியில் வந்தது. ஐந்து மாதம் ஆவதற்குள் தொடரே தளத்திலிருந்து எடுக்கப்பட்டது. ‘ஃபயர்ஃபிளை’ நின்றாலும் அதன் டிவிடி கடைகளில் நன்றாக விற்றது, அதைப் பார்த்துத்தான் 2005இல் ‘செரினிட்டி’ படம் வந்தது. டிவிடியே வராத தொடரை எடுத்துவிட்டால் புதிய ரசிகர் சேர வழியே இல்லை.

இதில் பிழைப்பும் அடங்கியிருக்கிறது. ஹாலிவுட் எழுத்தாளர்கள் 2023 மே 2 முதல் 148 நாட்கள் வேலைநிறுத்தம் செய்ததற்கு இந்தக் குட்டி சீசன்களும் ஒரு காரணம். எபிசோடுக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்குபவருக்கு 22 என்பது 8 ஆனால் ஆண்டில் பாதி நாள் வேலை இல்லை. மழை நாளில் பால்மரம் வெட்ட முடியாமல் கூலி இழந்த தோட்டத்துக் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. போராட்டத்தின் முடிவில், ஒரு தொடரை எழுதும் குழுவில் குறைந்தது இத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற விதி வந்தது. வெளியாகி 90 நாட்களுக்குள் உள்நாட்டுச் சந்தாதாரர்களில் 20 விழுக்காட்டினர் பார்த்த தொடருக்கு ஊக்கத்தொகை என்பதும் ஏற்கப்பட்டது. இந்த ஒப்பந்தத்திலும் காத்திருந்து பார்ப்பவருக்கு இடமில்லை.

தமிழ் வீடுகளுக்கு இதன் நேர் எதிர் நிலைமை நன்றாகப் பழக்கம். ‘மெட்டி ஒலி’ 800 எபிசோடுகளைத் தாண்டியது, ‘கோலங்கள்’ 2003 முதல் 2009 வரை 1,500ஐத் தாண்டியது. எப்போது முடிப்பார்கள் என்று கேட்ட கூட்டம் இது. இப்போது எட்டு எபிசோட் வழக்கம் தமிழுக்கும் வந்துவிட்டது. அமேசானின் ‘சுழல்’ 2022 ஜூனில் எட்டு எபிசோடுகளாக வந்தது, இரண்டாம் சீசனுக்கு 2025 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் முதல் சீசனின் மர்மம் முதல் சீசனிலேயே அவிழ்ந்துவிட்டதால் அந்தக் காத்திருப்பு யாரையும் உறுத்தவில்லை. இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குக் கனடாவில் பிறந்த மைத்ரேயி ராமகிருஷ்ணன் நடித்த ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ நான்கு சீசன், 40 எபிசோடுகளில் முறையாக முடிந்தது. மூன்றாம் சீசன் வெளியாவதற்கு முன்பே, நான்காவதுதான் கடைசி என்று அறிவித்துவிட்டார்கள். எழுதுபவருக்கும் பார்ப்பவருக்கும் அது தெரிந்திருந்தது.

அமெரிக்காவில் காற்று சற்றுத் திரும்பும் அறிகுறியும் தெரிகிறது. எச்பிஓ மேக்ஸில் 2025 ஜனவரியில் தொடங்கிய ‘தி பிட்’ ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் நடக்கும் கதை. சீசனுக்கு 15 எபிசோடுகள். பெரும்பாலும் ஒரே அரங்கில் எடுப்பதால் எபிசோடுக்கு 4 முதல் 5 மில்லியன் டாலர் செலவில் முடிகிறது. அதே ஆண்டு செப்டம்பரில் சிறந்த நாடகத் தொடருக்கான எம்மி விருதை வாங்கியது. இரண்டாம் சீசனும் 15 எபிசோடுகள்தான். அது 2026 ஜனவரியில், சரியாக ஒரு வருடத்தில் வந்து சேர்ந்தது.